கூரை ஒழுகுகிறது என்று எண்ணினோம்: குளிர்நாட்டு வீட்டின் அட்டிக்கை அடைத்து இன்சுலேஷன் போடும் முறை

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் நாங்கள் வாங்கியது 1960களின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு பங்களா வீடு. குடிபுகுந்த இரண்டாவது குளிர்காலத்தில், இரண்டு கிழமையாக மைனஸ் 15 பாகையை ஒட்டியே நின்ற குளிர் ஒரே நாளில் விலகி, வெப்பநிலை பிளஸ் 4க்கு ஏறியது. அன்று மத்தியானம் குளியலறை வாசலுக்கு மேலே, சீலிங்கில், தேநீர் சிந்தியது போன்ற ஒரு கறை வட்டமாகத் தோன்றியது. பொழுதுபட முன்பே அது சொட்டத் தொடங்கிவிட்டது. மழை பெய்யவில்லை. ஆயினும் கூரைதான் ஒழுகுகிறது என்று எண்ணினோம். வந்து பார்த்த கூரை வேலைக்காரரும் அதையே சொன்னதால், வசந்தம் பிறந்ததும் பெருந்தொகை செலவழித்து கூரையின் மேல் வேயும் தகடுகளான ஷிங்கிள் முழுவதையும் மாற்றினோம். அடுத்த பெப்ரவரியில் அதே இடத்தில் அதே வட்டம் மீண்டும் வந்தது.

அதற்கு அடுத்த ஜனவரியில், நல்ல குளிர் நாளொன்றில், ஏணி வைத்து, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடமான அட்டிக்கின் மூடியைத் தூக்கி டோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஷிங்கிள்களைப் பிடித்திருக்கும் ஆணிகளின் நுனிகள் கூரைப் பலகையின் அடிப்பக்கமாக நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நுனியிலும் உளுந்து அளவில் ஒரு வெள்ளை மணி உறைந்திருந்தது. குளியலறைக்கு நேர் மேலே இருந்த பலகை முழுவதும் தேங்காய்த் துருவலைத் தூவி அழுத்தியது போல் பனி படிந்திருந்தது. வெளியிலிருந்து வந்த நீர் அல்ல அது. எங்கள் குளியலும், அடுப்பில் கொதித்த சோறும், புட்டுப் பானையின் ஆவியும், உள்ளே காயப்போட்ட உடுப்பும் விட்ட ஈரம் சீலிங்கில் இருந்த ஓட்டைகள் வழியே மேலேறி, குளிர்ந்த பலகையில் உறைந்து, குளிர் விலகிய நாளில் உருகி வீட்டுக்குள்ளேயே திரும்பி விழுந்திருக்கிறது.

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் வாழும் நம்மவர் பலர் இதே கறையைப் பார்த்து இதே தவறான செலவைச் செய்வதைக் கண்டபடியால், அட்டிக் வேலையை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை விரிவாக எழுதுகிறேன். ஒழுங்குதான் இதில் முக்கியம். முதலில் காற்றுக் கசிவை அடைக்க வேண்டும். அதன் பிறகே, வெப்பம் கடப்பதைத் தடுக்கும் பொருளான இன்சுலேஷன் போட வேண்டும். நேரே இன்சுலேஷனை நிரப்பிவிட்டால் ஓட்டைகள் எல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும், அட்டிக் முன்னைவிடக் குளிராகும், அதே ஈரம் முன்னைவிட அதிகமாக உறையும்.

காற்று ஏன் மேலே போகிறது

சூடாக்கிய வீடு ஒரு புகைபோக்கி போல நடந்துகொள்கிறது. சூடான காற்று பாரம் குறைந்து மேலெழுந்து, சீலிங்கில் உள்ள இடுக்குகள் வழியே அட்டிக்குக்குள் தப்புகிறது. வெளியேறிய அளவுக்கு ஈடாக, நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்ட் பக்கத்து இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுவை வலுக்கும். பேஸ்மென்டில் கால் விறைப்பதற்கும் கூரை ஓரத்தில் பனிக்கட்டி தொங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

பஞ்சு போன்ற இன்சுலேஷன் இந்தக் காற்றை நிறுத்தாது. ஃபைபர் கிளாஸ் பஞ்சு வெப்பம் கடப்பதைத் தடுக்கிறதே தவிர, காற்று அதனூடாக ஒரு வடிகட்டியில் புகுந்து போவது போலப் போய்விடும். கட்டட அறிவியலில் அடிக்கடி காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு: குளிர்நாட்டில், சீலிங்குக்கும் சுவருக்கும் அடிக்கும், 4 அடிக்கு 8 அடி அளவுள்ள ஒரு ஜிப்சம் பலகையை ஊடுருவி ஒரு சூடாக்கும் பருவம் முழுவதும் வெளியேறும் ஈரம் சுமார் மூன்றில் ஒரு லீற்றர், அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் அதன் வழியே காற்றோடு போகும் ஈரம் கிட்டத்தட்ட 28 லீற்றர். மின்கம்பி போவதற்காகத் துளைத்துவிட்டு அடைக்காமல் விட்ட துளைகள் எத்தனை ஒரு வீட்டில் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

இந்த அறிவு கனடாவிலேயே விளைந்தது என்று சொல்லலாம். எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1977இல், சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற மாதிரி வீடு கட்டப்பட்டது. ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் அதன் சீலிங்கில் ஆர்-60 அளவுக்கு இன்சுலேஷன் போட்டதோடு, வீட்டைக் காற்றுப் புகாதபடி அடைப்பதற்கும் அதே அளவு கவனம் செலுத்தினார்கள். இன்று எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அட்டிக்குக்கு எல்லோரும் சொல்லும் இலக்கும் அதே ஆர்-60தான். ஆர் என்பது வெப்பம் கடப்பதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. எண் கூடினால் தடுப்பு கூடுகிறது.

மேலே ஏறுமுன்

சில வீடுகளில் இந்த வேலையை நாமாகத் தொடவே கூடாது. மூடியைத் தூக்கியவுடன், மைக்காவைப் போலப் பளபளக்கும், சாம்பலும் பழுப்பும் கலந்த, மடிப்பு மடிப்பான சிறு கற்கள் போன்ற பொருள் பரவிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் 1990 வரை இயங்கிய சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் அது கனடாவிலும் பரவலாக விற்கப்பட்டது. அப்படி ஒன்றைக் கண்டால் கையால் கிளறவும் வேண்டாம், மாதிரி எடுக்கவும் வேண்டாம். மூடியை மெல்ல மூடிவிட்டு, அஸ்பெஸ்டஸ் அகற்றப் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். அட்டிக்கில் பெட்டிகளை ஏற்றி வைக்கும் பழக்கமும் அத்தகைய வீட்டில் கூடாது.

1950க்கு முந்திய வீடானால், பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக இழுத்துக் கட்டிய பழைய மின்கம்பிகள் இருக்கக்கூடும். அவை திறந்த காற்றில் ஆறும்படி அமைக்கப்பட்டவை. இன்சுலேஷனால் மூடினால் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உரிமம் பெற்ற மின்வேலையாளரைக் கொண்டு அவற்றை மாற்றிய பின்னரே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். கரும்பூஞ்சை பலகையில் பரந்து படிந்திருந்தாலும், அணிலோ ரக்கூனோ குடியிருந்த எச்சம் கிடந்தாலும், அதைத் துப்புரவாக்கிய பிறகே வேலை தொடங்கலாம்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்கக் குளிர்காலம் நல்லது; அடைப்பதற்குச் செப்டெம்பர், ஒக்டோபர் நல்லது. கோடை நண்பகலில் அட்டிக்கின் சூடு 60 பாகையைத் தொடக்கூடும். அதற்குள் ஊர்ந்து வேலை செய்வது உயிராபத்து. நீண்ட கை உடுப்பு, கையுறை, கண்ணாடி, என்95 முகமூடி, தலையில் கட்டும் விளக்கு இவை ஒன்றும் குறையக் கூடாது. ஃபைபர் கிளாஸ் இழை தோலில் பட்டால் வெந்நீரில் உடனே கழுவாதீர்கள். முதலில் குளிர்ந்த நீர். காலை எப்போதும் குறுக்குக் கட்டைகளின் மேல்தான் வைக்க வேண்டும். இரண்டு கட்டைகளுக்கு இடையே இருப்பது அரை அங்குல ஜிப்சம் பலகை மட்டுமே, அது ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. இரண்டடி அகலமான ஒட்டுப்பலகைத் துண்டு இரண்டை மேலே கொண்டுபோய், ஒன்றில் இருந்தபடி மற்றதை முன்னே நகர்த்தி நகர்த்திப் போனால் முழங்காலும் சீலிங்கும் தப்பும்.

கசிவைத் தேடுவது

சாமித்தட்டில் இருக்கும் ஊதுபத்தியே இதற்குப் போதுமான கருவி. காற்றில்லாத, நல்ல குளிரான நாளில் யன்னல் கதவுகளை எல்லாம் மூடிவிட்டு, அட்டிக் மூடியின் விளிம்பு, சீலிங் விளக்குகள், குளியலறை விசிறி ஆகியவற்றின் ஓரமாக எரியும் ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக நில்லாமல் இடுக்கை நோக்கி உறிஞ்சப்பட்டால் அங்கே கசிவு உண்டு. சமையலறை, குளியலறை விசிறிகளைப் போட்டுவிட்டும் பார்க்கலாம். அப்போது அட்டிக்கின் காற்று கீழே இழுக்கப்படுவதால் புகை இடுக்கிலிருந்து அறைக்குள் தள்ளப்படும். ஆனால் அந்த முறையில் சோதிக்கும்போது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்த் தாங்கியையும் கட்டாயம் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் புகை புகைபோக்கி வழியே போகாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

மேலே ஏறிய பிறகு வேறொரு அடையாளம் இருக்கிறது. பழைய ஃபைபர் கிளாஸ் பஞ்சைச் சுருட்டித் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்போ மஞ்சளோ ஆக இருக்க வேண்டிய பஞ்சு சில இடங்களில் மட்டும் அடுப்புக்கரி தடவியது போல் கறுத்திருக்கும். பல ஆண்டுகளாக வீட்டுக் காற்று அதனூடாக ஏறும்போது தூசியை அங்கே விட்டுச் சென்றிருக்கிறது. அந்தக் கறுப்புக்கு நேர் கீழே கையை வைத்தால் ஓட்டை அகப்படும். எங்கள் வீட்டில் கழிவுக்குழாயின் காற்றுக்குழாய் மேலேறும் இடத்தில் பஞ்சு ஓர் அடி அகலத்துக்குக் கறுத்திருந்தது. தூக்கிப் பார்த்தால், மூன்றங்குலக் குழாய்க்காக ஆறங்குலத்துக்கும் மேலாகப் பலகையை வெட்டியிருந்தார்கள். அதைவிடப் பெரிய குற்றவாளி இரண்டடி தள்ளிக் கிடந்தது. குளியலறை விசிறியின் நெளிகுழாய் கூரை வாயிலிருந்து கழன்று, பஞ்சின் மேல் படுத்தபடி, ஒவ்வொரு குளியலின் ஆவியையும் நேரே அட்டிக்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. யாரோ பூட்டும்போது இறுக்காமல் விட்ட ஒரு வளையத்துக்காக நாங்கள் ஷிங்கிள் முழுவதையும் மாற்றியிருக்கிறோம்.

செலவழிக்க விருப்பமிருந்தால், வீட்டின் ஆற்றல் செலவை மதிப்பிடும் எனர்கைட் ஆலோசகர் ஒருவரை அழைத்து புளோவர் டோர் சோதனை செய்விக்கலாம். வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டின் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைத்து, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தால் செய்தது பலித்ததா என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். அரச உதவித் திட்டங்களுக்கும் பெரும்பாலும் இந்த முன்சோதனையே நுழைவாயில். 5,000 டொலர் வரை கொடுத்த கனடா கிரீனர் ஹோம்ஸ் உதவித்தொகை 2021இல் தொடங்கி 2024இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதன் பின் வரும் திட்டங்கள் அடிக்கடி மாறுவதால், வேலையைத் தொடங்குமுன் நடப்பில் இருப்பது எது என்று மாகாணத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்துவிட்டு விண்ணப்பித்துக் கைவிரிக்கப்பட்டவர்கள் பலர்.

அடைக்கும் வேலை

பஞ்சைப் பகுதி பகுதியாக ஒதுக்கி, ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் போக வேண்டும். கால் அங்குலத்துக்குக் குறைந்த இடுக்குக்கு அக்கூஸ்டிக் சீலண்ட் போன்ற, என்றும் இறுகாத பசை சிறந்தது. அதிலிருந்து மூன்று அங்குலம் வரைக்கும் டப்பாவில் வரும் ஸ்பிரே ஃபோம். அதற்கு மேற்பட்ட ஓட்டைக்கு விறைப்பான ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து, சுற்றுவரம்பை ஸ்பிரே ஃபோமால் ஒட்ட வேண்டும். பஞ்சைத் திணித்து அடைப்பது அடைப்பே அல்ல.

உட்சுவர்களின் மேல்கட்டைகள்தான் பலர் தவறவிடும் இடம். ஒவ்வொரு உட்சுவரும் அட்டிக்கைத் தொடும் இடத்தில் கட்டைக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையே ஒரு மெல்லிய கீறல் சுவரின் நீளம் முழுவதும் ஓடும். தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. எல்லாச் சுவர்களின் நீளத்தையும் கூட்டினால் திறந்த யன்னல் ஒன்றுக்குச் சமமாகலாம். அந்தக் கீறல் நெடுகிலும், மின்கம்பிகள் இறங்கும் ஒவ்வொரு துளையிலும் சீலண்ட் ஓட வேண்டும். சமையலறைத் தட்டுகளுக்கு மேலே சீலிங் தாழ்ந்து பெட்டி போல் வரும் வீடுகளில், அந்தப் பெட்டியின் மேல்பக்கம் பெரும்பாலும் முற்றாகத் திறந்தே இருக்கும். அதை ஃபோம் பலகையால் மூடி ஒட்டினால் ஒரே நாளில் பெரிய மாற்றம் தெரியும்.

புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோமைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அங்கே தகரத் தகடு வெட்டி வைத்து, தீ தாங்கும் சீலண்டால் ஒட்ட வேண்டும். உலோகப் புகைபோக்கிக்கும் எரியக்கூடிய எதற்கும் இடையே அதன் சீட்டில் எழுதியுள்ள இடைவெளி, பெரும்பாலும் 2 அங்குலம், விடப்பட வேண்டும். இன்சுலேஷன் அதைத் தொடாதபடி தகரத்தால் ஒரு வேலியும் வேண்டும். சீலிங்குக்குள் புதைந்த பொட் லைட்டுகளில், இன்சுலேஷன் தொடலாம் என்பதைக் காட்டும் ஐசி என்ற எழுத்து இல்லாவிட்டால் அவற்றையும் மூடக் கூடாது. காற்றுப் புகாத எல்ஈடி விளக்குகளாக மாற்றிவிடுவதே நிம்மதி, அந்த வேலை மின்வேலையாளருடையது.

குளியலறை விசிறியின் பெட்டி விளிம்பைச் சீலிங்கோடு சீலண்டால் ஒட்டி, அதிலிருந்து இன்சுலேஷன் சுற்றிய குழாயை இயன்றவரை நேராக, கூரை வழியாகவோ பக்கச் சுவர் வழியாகவோ வெளியே கொண்டுபோக வேண்டும். கூரை விளிம்பின் அடியில் உள்ள சொஃபிட் வழியே விட்டால், வெளியேறிய ஆவி அருகிலுள்ள காற்றுத்துளைகளால் மீண்டும் அட்டிக்குக்குள் இழுக்கப்படும். குழாயின் இரு முனைகளையும் இறுக்குவளையம் போட்டு இறுக்கி, பிறகு கையால் இழுத்துப் பாருங்கள்.

காற்றோட்டத்தை மறிக்காதீர்கள்

வீட்டுக் காற்று அட்டிக்குக்குள் வரக் கூடாது. வெளிக்காற்று அட்டிக்குக்குள் ஓட வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், எஞ்சிய ஈரத்தை அகற்றிக் கூரைப் பலகையைக் குளிராக வைத்திருப்பது அந்த ஓட்டமே. கட்டட விதிப்படி, சாதாரண சரிவுக் கூரையில், இன்சுலேஷன் போட்ட சீலிங்கின் பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்றுத்துளை வேண்டும். 1,000 சதுர அடிக்கு 3.3 சதுர அடி. அதில் ஒரு பகுதி கீழே சொஃபிட்டிலும் ஒரு பகுதி மேலே கூரை உச்சியிலும் இருக்க வேண்டும். மின்விசிறி பூட்டி அட்டிக்கை உறிஞ்சுவிக்கும் யோசனையை ஏற்காதீர்கள். அது வீட்டுச் சூட்டையே மேலே இழுக்கும்.

இன்சுலேஷனை நிரப்பும்போது சொஃபிட்டின் வாயை அது அடைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கேடு. ஆகையால் நிரப்புமுன், கூரைச் சட்டங்களுக்கு இடையே பாஃபிள் எனப்படும் நெளிதட்டுகளை ஸ்டேபிள் அடித்துப் பொருத்தி, கூரைப் பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் இடையே குறைந்தது 63 மி.மீ. வழி விட வேண்டும். கூரை ஓரத்தில் பனிக்கட்டி அணை கட்டுவதும் இதனாலேயே குறையும். சூடேறிய கூரையின் நடுப்பகுதியில் உருகிய பனிநீர், வீட்டுக்கு வெளியே நீண்டு குளிர்ந்திருக்கும் ஓரத்துக்கு வந்து மீண்டும் உறைந்து வரம்பாகிறது. அதன் பின்னே தேங்கும் நீர் ஷிங்கிளின் அடியால் பின்னோக்கி ஏறி வீட்டுக்குள் இறங்குகிறது. ஓரத்தில் சூடாக்கும் கம்பி போடுவோர் உண்டு. நோய் இருக்க வலிக்கு மருந்து பூசுவது போன்றது அது.

எவ்வளவு, எதைப் போடுவது

முதலில் இருப்பதை அளக்க வேண்டும். ஒரு அளவுகோலைப் பல இடங்களில் செருகிப் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் பாய் ஓர் அங்குலத்துக்கு ஆர்-3.2 அளவு, ஆறு அங்குலம் இருந்தால் ஆர்-20ஐ ஒட்டும். ஊதி நிரப்பும் செலுலோஸ், அதாவது பழைய செய்தித்தாளை அரைத்துத் தீத்தடுப்புப் போரேட் சேர்த்தது, ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.6, ஊதி நிரப்பும் ஃபைபர் கிளாஸ் ஆர்-2.6 அளவில் நிற்கும். ஆர்-20 இருக்கும் வீட்டை ஆர்-60 ஆக்க, செலுலோஸ் என்றால் சுமார் 11 அங்குலம், ஃபைபர் கிளாஸ் என்றால் 15 அங்குலத்துக்குச் சற்று மேல் வேண்டும். நனையாததும் அழுகாததுமாக இருந்தால் பழைய பஞ்சை அகற்றத் தேவையில்லை. அதன் மேலேயே ஊதலாம்.

பலன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 100 சதுர மீற்றர் சீலிங், உள்ளே 21 பாகை, அட்டிக்கில் மைனஸ் 10. ஆர்-20 இருந்தால் சீலிங் வழியே இடைவிடாமல் ஏறக்குறைய 880 வாட் வெளியேறும்; ஆர்-60இல் அது 290 வாட் அளவாகிவிடும். ஆர்-60இலிருந்து ஆர்-80க்குப் போனால் மிச்சமாவது இன்னும் 70 வாட் மட்டுமே. அந்தப் பணத்தை அடைப்பு வேலையில் போடுவதே என் பார்வையில் புத்தி.

நான் செலுலோஸை விரும்புகிறேன். அது இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கிப் படிகிறது, காற்று ஊடுருவுவதையும் ஃபைபர் கிளாஸைவிட அதிகமாகத் தடுக்கிறது. ஆனால் அது பாரமானது. குறுக்குக் கட்டைகள் 24 அங்குல இடைவெளியில் இருந்து, சீலிங் பலகை சாதாரண அரை அங்குலமாகவும் இருந்தால், ஆர்-60 வரையான செலுலோஸ் காலப்போக்கில் சீலிங்கைத் தொய்யச் செய்யலாம். அத்தகைய வீட்டில் பாரம் குறைந்த ஃபைபர் கிளாஸையே ஊத வேண்டும்.

ஊதும் இயந்திரத்தைப் பெரிய கட்டடப் பொருள் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். ஒருவர் கீழே பையை உடைத்து இயந்திரத்தில் போட, மற்றவர் மேலே குழாயைப் பிடித்துத் தூரத்து மூலையிலிருந்து மூடியை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே ஊத வேண்டும். தொடங்குமுன், காகித அளவுகோல்களைச் சட்டங்களில் ஆங்காங்கே ஸ்டேபிள் அடித்துவிட்டால் மட்டம் தெரியும். கண்ணால் பார்க்கும் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. செலுலோஸ் ஊதியவுடன் உப்பி நின்று, பிறகு அமரும். காற்றை அதிகமாகக் கலந்தால் குறைந்த பைகளிலேயே உயரம் காட்டிவிடலாம். 1,000 சதுர அடிக்கு இத்தனை பை என்று பையின் மேலேயே அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்வித்தாலும் விலைச்சீட்டில் பை எண்ணிக்கையை எழுதச் சொல்லி, வேலை முடிந்த அன்று வெறும் பைகளை எண்ணிப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று எவரும் நினைக்கத் தேவையில்லை. நேர்மையாக வேலை செய்பவர் தாமாகவே அவற்றை அடுக்கிக் காட்டுவார்.

பழைய பஞ்சின் மேலே பொலித்தீன் தாள் விரிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஈரத்தடுப்புத் தாள் சூடான பக்கத்தில், சீலிங் பலகையை ஒட்டி இருக்க வேண்டியது. குளிர்ந்த பக்கத்தில் விரித்தால் ஈரம் அதன் அடியில் சிக்கிப் பஞ்சை நனைக்கும்.

மூடி

இவ்வளவையும் செய்துவிட்டு, அட்டிக் மூடியை வெறும் ஒட்டுப்பலகையாக விட்டுவிடுபவர்கள் ஏராளம். 1,000 சதுர அடி சீலிங்கில் மூடி 5 சதுர அடிதான். ஆனால் மற்றதெல்லாம் ஆர்-60 ஆக இருக்க அது மட்டும் ஆர்-2 ஆக இருந்தால், சீலிங் முழுவதாலும் போகும் வெப்பம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். ஃபோம் பலகையை அடுக்கடுக்காக வெட்டி மூடியின் முதுகில் ஒட்டுங்கள். எட்டு, பத்து அங்குலம் வரை அடுக்கலாம். மூடி உட்காரும் விளிம்பில் அழுந்தக்கூடிய ரப்பர் பட்டை ஒட்டி, கொக்கி போட்டுக் கீழ்நோக்கி இறுக்க வேண்டும். பாரம் மட்டும் ரப்பரை அழுத்தாது. ஊதிய பஞ்சு வாசலால் கீழே கொட்டாதபடி, வாயைச் சுற்றி இன்சுலேஷனின் உயரத்துக்கு மேல் ஒட்டுப்பலகையால் ஒரு வரம்பு கட்டிவிடுங்கள். வெளியில் ஒரு அட்டையைச் செருகி, எந்தப் பொருள், எத்தனை பை, எந்தத் திகதி என்று எழுதி வைத்தால் பின்னால் வீட்டை வாங்குபவருக்கும் உதவும்.

அட்டிக்கோடு சேர்த்து, பேஸ்மென்டில் அத்திவாரச் சுவரின் மேல் தரைக்கட்டைகள் வந்து உட்காரும் ஓரத்தையும் அடைத்துவிட வேண்டும். கட்டைகளுக்கு இடையேயுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து, ஓரத்தை ஸ்பிரே ஃபோமால் ஒட்டினால் போதும். மேல் வாயை அடைத்த வீட்டில் கீழ் வாயையும் அடைத்தால் இழுவை இரண்டு பக்கமும் தணியும்.

அடைத்த வீட்டில் வாழ்வது

இறுக்கமான வீட்டுக்கு மூச்சு வேண்டும். எரிவாயு வெந்நீர்த் தாங்கி இயல்பான இழுவையில் புகையை வெளியேற்றும் பழைய வகையானால், வேலை முடிந்த பின் எரிவாயு வேலையாளரைக் கொண்டு அதன் புகை ஒழுங்காகப் போகிறதா என்று சோதிப்பியுங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். படுக்கையறைகளுக்கு அருகில் அது வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். நிலத்திலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவும் மாறியிருக்கலாம். கனடாவின் வழிகாட்டல் எல்லை ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். சிறிய சோதனைக் கருவி ஒன்றைக் குளிர்காலத்தில் மூன்று மாதமாவது கீழ்த்தளத்தில் வைத்து அளக்க வேண்டும்.

நம் சமையலில் ஆவி அதிகம். சோறு வடிக்கும்போதும், இடியப்பமோ புட்டோ அவிக்கும்போதும், அடுப்பின் மேல் விசிறி காற்றை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகையாக இருந்தால் அது எண்ணெய்ப் புகையைத்தான் ஓரளவு பிடிக்கும், ஈரத்தைத் தொடாது. வெளியே ஊதும் விசிறியாக மாற்றுங்கள். குளியலறை விசிறி, குளித்து முடித்த பின்னும் அரை மணி நேரம் ஓட வேண்டும். நேரம் வைக்கும் பொத்தான் ஒன்று பூட்டிவிட்டால் பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவியை வரவேற்பறையில் வைத்து, வெளியே மைனஸ் 10க்குக் கீழே போகும் நாட்களில் அது 30 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யன்னல் கண்ணாடியின் அடியில் காலையில் நீர் ஓடினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். ஃபர்னஸில் பூட்டிய ஈரமூட்டியை முதலில் குறையுங்கள்.

வேலை முடிந்த முதல் ஜனவரியில், மைனஸ் 15க்குக் கீழ்ப்பட்ட ஒரு காலையில், மூடியை ஒரு நிமிடம் மட்டும் திறந்து ஆணி நுனிகளைப் பாருங்கள். பெரும்பாலும் வறண்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் வெள்ளை மணிகள் கூட்டமாக நின்றால், அதன் நேர் கீழே ஒரு ஓட்டை தப்பிவிட்டது. எங்கள் வீட்டில் அவ்வாறு நின்ற இடம் படுக்கையறை விளக்கின் பெட்டிக்கு மேலே. பக்கத்துச் சட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கினேன். செப்டெம்பரில் மேலே போய் அந்தக் கோட்டின் கீழே பஞ்சை ஒதுக்கியபோது, மின்கம்பி இறங்கும் அரை அங்குலத் துளை ஒன்று அடைபடாமல் இருந்தது.